அழைப்பது இரத்தம், கட்டுவது செல்

பல் மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம் அண்மைக் காலமாகப் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "டாக்டர், நம்ம ரத்தத்தையே எடுத்து, அதை வச்சுப் பல்லைத் திரும்ப வளர வைக்கிறாங்களாமே, எங்க பையனுக்கும் அது முடியுமா?" கேட்பவர் பெரும்பாலும் விளையாடும்போது விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்ட குழந்தையின் தாயாகவோ தந்தையாகவோ இருக்கிறார், சில வேளைகளில் ஈறு நோயால் ஆடும் பற்களோடு வரும் நடுவயதினராகவும் இருக்கிறார். ஆம் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை என்று தள்ளிவிடவும் முடியாத இந்தக் கேள்விக்குச் சிகிச்சை நாற்காலியின் அருகில் நின்றபடி நான் சொல்லும் சுருக்கமான பதில் எனக்கே நிறைவளிப்பதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரத்தத்திலிருந்து பெறப்படும் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள் தாமாகத் திசுவைக் கட்டுவதில்லை. திசுவைக் கட்டக்கூடிய செல்களை அவை அழைக்கின்றன, பெருகத் தூண்டுகின்றன, எந்த வேலையை ஏற்க வேண்டும் என்று உணர்த்துகின்றன. அந்த அழைப்பைக் கேட்கும் செல்கள் அருகில் இல்லையென்றால், எவ்வளவு செறிவாகக் காரணிகளை வைத்தாலும் அது ஆளில்லாத வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கடிதம்தான். எந்தச் செல்கள், எந்த வழியாக, கிருமியற்ற ஓர் இடத்துக்கு வந்து சேர்கின்றன என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. இந்தத் துறையில் நிகழ்ந்த வெற்றிகளையும் ஏமாற்றங்களையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும்.

பல் என்பது ஒரே பொருளால் ஆனதன்று. வெளியே தெரியும் எனாமலை உருவாக்கிய செல்கள், பல் முளைத்து வாய்க்குள் வரும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே தேய்ந்துபோன எனாமலைத் திரும்ப உருவாக்க உடலில் ஆளே கிடையாது. அதற்கு உள்ளே இருக்கும் டென்டினின் நிலை வேறு. அதைக் கட்டும் செல்கள், பல்லின் நடுவே உள்ள உயிருள்ள மென்திசுவான பற்கூழின் ஓரத்தில் வாழ்நாள் முழுவதும் உயிரோடிருந்து, மெல்ல மெல்ல டென்டினைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. சொத்தை நெருங்கினால் அவை வேகமாக வேலை செய்து ஒரு தடுப்பை எழுப்பும். அவையே இறந்துவிட்டால், பற்கூழுக்குள் ஓய்ந்திருக்கும், வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் விழித்து அந்த இடத்துக்கு வந்து, சற்று ஒழுங்கற்ற டென்டினைப் படியவைக்கும். வேரின் மேற்பரப்பில் சிமென்டம், அதற்கும் தாடை எலும்புக்கும் இடையில் இணைநார், பிறகு எலும்பு என்று வெளிப்புறத்திலும் மூன்று திசுக்கள் இருக்கின்றன. 'பல்லை மீண்டும் வளர்த்தல்' என்று ஒருவர் சொல்லும்போது, இவற்றுள் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பற்கூழைப் பற்றிய உண்மை எனாமலுக்குப் பொருந்தாது. எலும்புக்குப் பொருந்துவது இணைநாருக்குப் பொருந்தாமல் போகலாம்.

வளர்ச்சிக் காரணிகளின் வரலாற்றில் பல்லுக்கு ஓர் இடம் உண்டு என்பது பலருக்கும் தெரியாத செய்தி. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹென், எலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் கண்ணிமைகள் வழக்கத்தைவிட முன்னதாகத் திறந்தன. வெட்டுப் பற்களும் முன்னதாகவே முளைத்தன. அந்த விளைவுக்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து அவர் 1962-இல் வெளியிட்டார். இன்று மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று அறியப்படுவது அதுதான். இத்தகைய காரணிகளைக் கண்டறிந்ததற்காக அவருக்கும் ரீட்டா லெவி மொந்தால்சினிக்கும் 1986-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இரத்தத் தட்டணுக்களின் பங்கு தெரியவந்தது 1974-இல். ரஸ்ஸல் ராஸும் அவருடைய குழுவினரும், உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் சீரத்தில் செல்கள் செழித்துப் பெருகுவதையும், தட்டணுக்கள் உடைவதற்கு முன்பே பிரித்தெடுத்த பிளாஸ்மாவில் அவ்வாறு பெருகாததையும் கவனித்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தட்டணுக்கள் வெளியிட்ட பொருள் என்பது அதிலிருந்து புலப்பட்டது. இரத்தப்போக்கை நிறுத்த அடைப்பாகப் பயன்படும் துணுக்குகள் என்று மட்டுமே கருதப்பட்டு வந்த தட்டணுக்கள், காயம் ஆறும் வேலையைத் தொடங்கி வைப்பவை என்ற பார்வை அதன்பின் வலுப்பெற்றது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும் இந்தத் தட்டணுக்கள், சுமார் 8 முதல் 10 நாட்கள் மட்டுமே வாழ்பவை. ஒவ்வொன்றின் உள்ளேயும் உள்ள நுண்பைகளில், செல்களைப் பெருகச் செய்யும் காரணி, புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்யும் காரணி, டென்டினும் எலும்பும் உருவாவதை வழிநடத்தும் டி.ஜி.எஃப். பீட்டா முதலிய பல புரதங்கள் காத்திருக்கின்றன.

இதைச் சிகிச்சையாக மாற்றும் முயற்சியில் வாய், தாடை அறுவை மருத்துவர்கள் முன்னணியில் இருந்தார்கள். ராபர்ட் மார்க்ஸ் தலைமையிலான குழு 1998-இல், 88 தாடை எலும்புக் குறைகளில் எலும்பு ஒட்டு வைத்து, அவற்றுள் ஒரு பகுதியில் தட்டணுச் செறிவு மிக்க பிளாஸ்மாவையும் சேர்த்தது. சேர்த்த இடங்களில் எலும்பு விரைவாக முதிர்ந்ததாக அந்தக் குழு தெரிவித்தது. பி.ஆர்.பி. என்ற மூன்றெழுத்து உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான். ஆனால் அதைத் தயாரிக்க, இரத்தம் உறையாமலிருக்க முதலில் ஒரு மருந்தைக் கலந்து, பயன்படுத்தும்போது உறையவைக்க மாட்டிலிருந்து எடுத்த திராம்பினைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அயல் திராம்பினுக்கு எதிராகச் சிலரது உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கக்கூடும் என்ற கவலை இருந்தது. மேலும், அவ்வாறு தூண்டப்பட்ட தட்டணுக்கள் தம்மிடமுள்ள காரணிகளின் பெரும்பகுதியை முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கொட்டிவிடுகின்றன. ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும் ஒரு காயத்துக்கு அது மிகக் குறுகிய நேரம்.

பிரான்சைச் சேர்ந்த ஜோசஃப் ஷுக்ரூன் 2001-இல் காட்டிய வழி, இந்த இரண்டு சிக்கல்களையும் ஒருசேர விலக்கியது. எந்த மருந்தும் சேர்க்காமல், எடுத்த இரத்தத்தை உடனே சுழற்றுவது. உறைதல் இயல்பாக நடக்கும்போதே பிரிதலும் நடக்கட்டும் என்று விடுவது. இவ்வாறு கிடைக்கும், ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலையாகப் பின்னிய உறைவுதான் பி.ஆர்.எஃப். எனப்படுகிறது.

அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் மீது மதிப்பு வராமல் போகாது. கையின் இரத்தக் குழாயிலிருந்து 10 மி.லி. குழாய்களில் இரத்தத்தை எடுத்து, ஓரிரு நிமிடங்களுக்குள் சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிராக வைத்துச் சுழலவிடுகிறோம். பழைய முறைப்படி நிமிடத்துக்கு 2700 சுற்றுகளில் 12 நிமிடம். நின்ற பிறகு குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த திரவம், நடுவில் வெளிர்மஞ்சளாக, ஒளி ஊடுருவும் ஓர் உறைவு. இடுக்கியால் மெல்லத் தூக்கினால் அது முழுதாக வெளியே வருகிறது. அடியில் ஒட்டியிருக்கும் சிவப்புப் பகுதியைக் கத்தரித்துவிட்டு, துளையிட்ட தட்டில் வைத்து இலேசாக அழுத்தினால், திரவம் வடிந்து, தையல் தாங்கும் அளவுக்கு உறுதியான ஒரு மென்படலம் கிடைக்கிறது. சிவப்பைக் கத்தரிக்கும்போது ஒட்ட வெட்டிவிடக் கூடாது. தட்டணுக்களும் வெள்ளணுக்களும் பெருமளவில் குவிந்திருப்பது மஞ்சளும் சிவப்பும் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான். அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியை வைத்தால், நாம் வைப்பது பெரும்பாலும் வெறும் ஃபைப்ரின் வலை.

காரணிகள் அந்த வலைக்குள் சிக்கியிருப்பதால், ஒரு வாரத்துக்கும் மேலாகச் சிறிது சிறிதாக வெளிவருகின்றன. வெள்ளணுக்களும் உடன் இருக்கின்றன. வலையே புதிய செல்களுக்கு ஏறிவரும் சாரமாகவும் அமைகிறது. இரத்தம் எடுப்பதற்கும் சுழற்றுவதற்கும் இடையே தாமதமானால், குழாயிலேயே உறைவு தாறுமாறாகத் தொடங்கி, தட்டணுக்கள் சிவப்பணுக்களோடு கலந்து சிக்கிக்கொள்ளும். சுழற்சி வேகத்தை மட்டும் குறிப்பிட்டுவிட்டு, இயந்திரத்தின் ஆரத்தையும் குழாய் சாய்ந்திருக்கும் கோணத்தையும் சொல்லாமல் விடும் செய்முறைகளை நான் ஏற்பதில்லை. செல்களைப் பிரிப்பது சுற்றுகளின் எண்ணிக்கையன்று, அவற்றின் மீது செயல்படும் விசை. ஆரம் மாறினால் அதே 2700 சுற்று வேறொரு விசையைத் தரும். பிற்காலத்தில் விசையைக் குறைத்தால் வெள்ளணுக்கள் உறைவு முழுவதும் பரவி நிற்கின்றன என்று கண்டு, நிமிடத்துக்கு 1500 சுற்று, ஊசியால் செலுத்தும் திரவ வடிவத்துக்கு 700 சுற்று என்று முறைகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப் பெயர் வந்தது. பெயர்கள் பெருகிய வேகத்தில் ஒப்பீட்டு ஆய்வுகள் பெருகவில்லை என்பது என் வருத்தம்.

பிடுங்கிய பல்லின் குழியில் பி.ஆர்.எஃப். வைத்தால், மென்திசு விரைவாக மூடுவதையும், குழி உலர்ந்து கடும் வலி ஏற்படுவது குறைவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் அனுபவமும் அதுவே. ஈறு நோயால் வேரின் ஓரத்தில் எலும்பு செங்குத்தாகக் கரைந்து பள்ளமான இடங்களில், வெறும் சுத்திகரிப்பு அறுவையோடு ஒப்பிடும்போது, பி.ஆர்.எஃப். சேர்த்தால் பள்ளம் நிரம்புவது மேம்படுகிறது. கிடைமட்டமாக எலும்பு தேய்ந்து, பல் முழுவதும் ஆடிக்கொண்டிருக்கும் நிலையில் அது எதையும் மீட்டுத் தருவதில்லை. இதற்கான விளக்கத்தை ஆய்வாளர் மெல்ச்சர் 1976-இலேயே முன்வைத்திருந்தார்: காயமடைந்த வேர்ப்பரப்பை எந்தத் திசுவின் செல்கள் முதலில் வந்து சேர்ந்து ஆக்கிரமிக்கின்றனவோ, அந்தத் திசுவின் இயல்பிலேயே அந்தக் காயம் ஆறும். ஈற்றின் மேல்தோல் செல்கள் வேகமாக ஓடி வருபவை. இணைநாரின் செல்கள் மெதுவானவை. மேல்தோல் முந்திக்கொண்டால் அங்கே ஒரு பொய்யான ஒட்டுதல்தான் உருவாகும். மூன்று பக்கம் எலும்புச் சுவர் உள்ள பள்ளத்தில், எலும்பின் செல்களும் இணைநாரின் செல்களும் சுற்றிலும் இருக்கின்றன. சுவரே இல்லாத இடத்தில் அழைத்தாலும் வருவதற்கு யாருமில்லை.

அந்தச் செல்கள் எவை என்ற கேள்விக்கு 2000-ஆம் ஆண்டு முதல் விடைகள் கிடைக்கத் தொடங்கின. ஸ்டான் குரோந்தோஸும் சோங்தாவ் ஷியும் அவர்களது குழுவினரும், பெரியவர்களின் பிடுங்கப்பட்ட ஞானப்பற்களின் பற்கூழிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, அவற்றை எலிகளின் உடலில் வைத்தபோது டென்டினும் பற்கூழும் சேர்ந்த ஓர் அமைப்பு உருவானதைக் காட்டினார்கள். 2003-இல் அதே ஷி, தானாக விழும் பால் பற்களிலும் அத்தகைய செல்கள் இருப்பதை அறிவித்தார். தம் ஆறு வயது மகளின் ஆடிக்கொண்டிருந்த பல்லைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. விழுந்த ஒரு பால் வெட்டுப் பல்லிலிருந்து ஒட்டி வளரும் தன்மையோடு கிடைத்தவை சுமார் 12 முதல் 20 செல்கள் மட்டுமே, ஆனால் அவை வேகமாகப் பெருகின. 2004-இல் வேரைச் சுற்றியுள்ள இணைநாரிலும், 2006-இல் வளர்ந்து முடியாத வேரின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும் மென்திசுவிலும் ஸ்டெம் செல்கள் கண்டறியப்பட்டன. கடைசியாகச் சொன்ன இந்த வேர்நுனிச் செல்கள்தான், குழந்தைகளின் பல் சிகிச்சையில் இன்று நாம் நேரடியாகப் பயன்படுத்துபவை.

மேல் முன்பற்கள் ஏழு எட்டு வயதில் முளைக்கின்றன. ஆனால் வேர் முழுமையடைய அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடிக்கும். குழந்தைகள் ஓடி விழுவது மிகுதியாக உள்ள வயதும் அதுவே. எட்டு வயதில் அடிபட்டுப் பற்கூழ் இறந்துவிட்டால், வேர் அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது: சுவர்கள் மெலிந்து, நுனி அகன்று திறந்து, ஒரு குழலைப் போன்று. பழைய முறையில் மாதக்கணக்கில் கால்சியம் ஹைட்ராக்சைடை உள்ளே வைத்து நுனியில் ஒரு தடுப்பு உருவாகக் காத்திருப்போம், அல்லது எம்.டி.ஏ. என்னும் சிமென்டால் நுனியை அடைப்போம். பல் வாயில் நிற்கும். ஆனால் வேர் வளராது, சுவர் தடிக்காது. சுவீடனின் மியோமிர் ட்ஸ்வெக் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு சிகிச்சை பெற்ற பற்கள் கழுத்துப் பகுதியில் முறிவது, வேர் மிகுதியாக வளர்ந்திருந்தவற்றில் 28 விழுக்காடும், வேர் மிகக் குறைவாக வளர்ந்திருந்தவற்றில் 77 விழுக்காடுமாக இருந்தது. பிள்ளையின் பல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெற்றோரிடம் சொல்லும்போது, இந்த எண்கள் என் மனத்தை விட்டு அகன்றதே இல்லை.

நார்வேயின் நைகார்ட் ஓஸ்ட்பி, வேர்க்குழாய்க்குள் வேண்டுமென்றே இரத்தம் கசியவிட்டு, அந்த உறைவுக்குள் திசு வளர்வதை 1961-இலேயே ஆராய்ந்திருந்தார். ஜப்பானில் இவாயா 2001-இலும், அமெரிக்காவில் பாங்க்ஸும் ட்ரோப்பும் 2004-இலும், சீழ் வைத்த, வேர் முடியாத சிறு கடைவாய்ப் பற்களில் கிருமியை ஒழித்துவிட்டு, வேரைத் தொடர்ந்து வளரச் செய்து காட்டியபோது அந்தப் பழைய எண்ணம் உயிர்பெற்றது. அதன் முன்னும் பின்னுமான எக்ஸ்ரே படங்களை முதன்முதலில் பார்த்தபோது நான் அடைந்த வியப்பு இன்றும் குறையவில்லை. இறந்துபோன பல்லின் வேர் நீண்டிருந்தது, சுவர் தடித்திருந்தது, நுனி மூடியிருந்தது.

செய்முறையில் ஒவ்வொரு படியும் செல்களைக் கருதியே அமைந்திருக்கிறது. வழக்கமான வேர் சிகிச்சையில் கிருமியைக் கொல்லச் செறிவான ஹைப்போகுளோரைட்டைப் பயன்படுத்துவோம், இங்கே 1.5 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கிறோம், ஏனெனில் அதற்கு மேல் சென்றால் வேர்நுனி ஸ்டெம் செல்களும் மாண்டுபோகின்றன. மூன்று ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்த பசையையும் முன்போல் கெட்டியாகக் குழைத்து வைப்பதில்லை, ஒரு மி.லி.க்குச் சில மில்லிகிராம் என்ற அளவுக்கு மெலிதாக்கிவிட்டோம். அதிலுள்ள மினோசைக்ளின் பல்லைச் சாம்பல் நிறமாக்குவதால், பலரும் அதை விட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை வரும்போது, அட்ரினலின் சேர்க்காத மெப்பிவக்கைன் என்னும் மரப்பு ஊசிதான் போட வேண்டும்; அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிட்டால், நமக்கு வேண்டிய இரத்தம் வராது. பிறகு 17 விழுக்காடு ஈ.டி.டி.ஏ. கரைசலால் கழுவுகிறோம். இந்தப் படியை நான் மிகவும் விரும்பிச் செய்கிறேன். டென்டின் உருவானபோது அதற்குள் பூட்டப்பட்டுவிட்ட வளர்ச்சிக் காரணிகள், சுவரின் கால்சியம் சற்றே கரையும்போது விடுபடுகின்றன. குழந்தை மழலைப் பருவத்திலும் அதன் பின்னரும் சேமித்த காரணிகளை, அதே பல்லை மீட்க நாம் திறந்துவிடுகிறோம்.

கடைசியில், ஃபைல் என்னும் ஊசி போன்ற மெல்லிய கருவியை நுனி வளைத்து, வேரின் முனையைத் தாண்டி 2 மி.மீ. அளவுக்குச் செலுத்தி, சுற்றியுள்ள திசுவைக் கிளறுகிறோம். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தால், இருண்ட குழாயின் அடியில் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிகிறது. அது மெதுவாக மேலேறி, ஈறு மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்போது, ஈரப் பஞ்சு உருண்டையால் நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருக்கிறோம். பளபளத்த மேற்பரப்பு மங்கி, உறைந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அதன்மேல் கொலாஜன் துண்டும், சிமென்டும் வைத்து மூடுகிறோம். அந்த இரத்தம் வெறும் இரத்தமன்று. 2011-இல் லவ்லேஸும் சக ஆய்வாளர்களும், இவ்வாறு குழாய்க்குள் வரவழைக்கப்பட்ட இரத்தத்தில், ஸ்டெம் செல்களின் அடையாளக் குறிகள் உடலில் ஓடும் பொதுவான இரத்தத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு கூடியிருப்பதைக் காட்டினார்கள். ஃபைல் கிளறிய திசுவிலிருந்து செல்கள் இரத்தத்தோடு மிதந்து உள்ளே வந்துவிடுகின்றன.

கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் கிடைக்கும் பி.ஆர்.எஃப்.-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பி.ஆர்.எஃப்.-இல் தட்டணுக்கள் செறிந்திருக்கின்றன, காரணிகள் மிகுந்திருக்கின்றன; ஆனால் திசுவைக் கட்டும் ஸ்டெம் செல்கள் மிக மிகக் குறைவு. வேர் முடியாத பற்களில் பி.ஆர்.பி., பி.ஆர்.எஃப்., வெறும் இரத்த உறைவு ஆகியவற்றை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஒட்டுமொத்த வெற்றியில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. காரணிகளை எவ்வளவு கூட்டினாலும், வாசலில் காத்திருக்கும் செல்களின் எண்ணிக்கையே வரம்பாக நிற்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆகவே, இரத்தம் நன்றாகக் கசிந்து வரும் ஒரு பல்லுக்காக ஊசிக்கு அஞ்சும் குழந்தையின் கையிலிருந்து இரத்தம் எடுப்பதை நான் தவிர்க்கிறேன். எவ்வளவு கிளறியும் குழாய் உலர்ந்தே இருக்கும் பற்கள் சில உண்டு. நீண்ட நாள் சீழ்க்கட்டி இருந்த பற்களில் இது நேர்கிறது. அப்போது பி.ஆர்.எஃப். உண்மையாகவே கைகொடுக்கிறது, வெறுமையான குழாயில் செல்கள் ஏறிவர ஒரு சாரம் கிடைக்கிறது. கிளறல் மட்டும் அப்போதும் தேவை.

இவ்வாறு வளர்ந்த திசு எது? பெற்றோர் கேட்காவிட்டாலும் நான் சொல்லியே தீர வேண்டிய பகுதி இது. விலங்குகளிலும், பின்னர் பிற காரணங்களால் பிடுங்க நேர்ந்த மனிதப் பற்களிலும் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுவரில் படிந்திருந்தது பெரும்பாலும் சிமென்டத்தை ஒத்த பொருள்; உள்ளே எலும்பை ஒத்த தீவுகளும் இணைநாரை ஒத்த திசுவும் இருந்தன. ஒழுங்காக அணிவகுத்த டென்டின் செல்களோடு கூடிய உண்மையான பற்கூழ் அரிதாகவே காணப்பட்டது. வெளியிலிருந்த திசுவின் செல்கள் உள்ளே வந்து, தமக்குத் தெரிந்ததைக் கட்டியிருக்கின்றன. மெல்ச்சர் வேர்ப்பரப்பைப் பற்றிச் சொன்னது வேருக்குள்ளும் மெய்யாகியிருக்கிறது. அதனால் பயனில்லையா என்றால், வலி தீர்ந்து, சீழ் வடிந்த துளை மூடி, எலும்பு ஆறி, வளரும் வயது முழுவதும் அந்தப் பல் தாடையில் நிற்கிறது. தாடை வளர்ந்து முடியும் வரை செயற்கை வேர் பொருத்த முடியாத ஒரு குழந்தைக்கு அது மிகப் பெரிய பயன். ஆனால் வேர் நீள்வது எல்லாப் பற்களிலும் நடப்பதில்லை. சிலவற்றில் குழாய் முழுவதும் கால்சியம் படிந்து அடைபட்டுவிடுகிறது. கழுத்துப் பகுதியில் சுவர் தடிப்பது அரிது என்பதால், ட்ஸ்வெக் சுட்டிய முறிவின் ஆபத்து முற்றிலும் நீங்கிவிட்டதாகச் சொல்ல இயலாது.

பற்கூழையே மீட்க வேண்டுமானால், பற்கூழின் செல்களையே கொண்டுவந்து வைக்க வேண்டும். அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் மிசாக்கோ நக்காஷிமாவின் குழு 2017-இல், ஐந்து பேருக்கு, அவர்களுடைய தேவையற்ற ஒரு பல்லிலிருந்து பற்கூழ் ஸ்டெம் செல்களை எடுத்து வளர்த்து, அவற்றை ஈர்க்கும் ஒரு காரணியோடும் கொலாஜனோடும் சேர்த்து, பற்கூழ் நீக்கிய பல்லுக்குள் வைத்தது. நான்கு வாரத்தில் நான்கு பேரின் பற்கள் மின் உணர்வுச் சோதனைக்கு விடையளித்தன. மூன்று பேருக்கு டென்டின் படிந்தது முப்பரிமாணப் படத்தில் தெரிந்தது. சீனாவில் 2018-இல் வெளியான ஆய்வில், அடிபட்டு முன்பல் இறந்த 40 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோருக்கு அவர்களுடைய பால் பல்லிலிருந்து வளர்த்த பற்கூழ்ச் செல்கள் வைக்கப்பட்டன. மற்றவர்களுக்குப் பழைய முறைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. செல் பெற்ற பற்களில் ஓராண்டில் இரத்தக் குழாய்களும் உணர்வு நரம்புகளும் கொண்ட திசு உருவாகி, வேர் நீண்டு, நுனி குறுகியது. 24 மாதங்கள் கண்காணிக்கப்பட்ட 20 பேரிடம் தீய விளைவு ஏதும் காணப்படவில்லை. என் நம்பிக்கையெல்லாம் இந்தத் திசையில்தான் இருக்கிறது. ஆனால் செல்களைத் தூய அறையில் வாரக்கணக்கில் வளர்த்து, கிருமியோ மரபுப் பிழையோ இல்லையென்று சோதித்து, உரிய நாளில் உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பதற்கான ஏற்பாடு சாதாரணப் பல் மருத்துவமனை எதிலும் கிடையாது.

பெரியவர்களின் நிலை இன்னும் கடினமானது. வேர் முடிந்த பல்லின் நுனித் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். இரத்தக் குழாயும் செல்களும் வர அது மட்டுமே வழி. வேர்நுனி மென்திசுவும் அந்த வயதில் இருப்பதில்லை. துளையை அகலப்படுத்திச் செய்து பார்த்தவர்கள் அழற்சி ஆறுவதைக் காட்டியிருக்கிறார்கள். எனினும், நல்ல வேர் சிகிச்சையால் காப்பாற்றக்கூடிய ஒரு பல்லில் இதை முதல் தேர்வாக நான் பரிந்துரைப்பதில்லை.

முழுப் பல்லையே முளைக்கச் செய்யும் முயற்சி வேறொரு பாதை. அதில் இரத்தத்துக்கும் தட்டணுக்களுக்கும் பங்கில்லை. பல் வளர்ச்சியைத் தடுக்கும் யூசாக் 1 என்ற புரதத்தை ஓர் எதிர்ப்பொருளால் முடக்கினால் விலங்குகளில் கூடுதல் பல் முளைக்கிறது என்று கத்சு தகஹாஷியின் குழு 2021-இல் காட்டியது. மனிதர்களில் அதன் பாதுகாப்பை அறியும் முதற்கட்டச் சோதனை 2024-இல் கியோட்டோவில் தொடங்கியது. இதையும் பி.ஆர்.எஃப்.-ஐயும் ஒன்றாகச் சேர்த்து 'ஸ்டெம் செல் பல் சிகிச்சை' என்று விளம்பரப்படுத்துவதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. குழந்தையின் பல்லுக்காக எதையும் தரத் தயாராக நிற்கும் பெற்றோரிடம் அப்படிச் சொல்வது அநீதி.

அத்தகைய சிகிச்சையை யாரேனும் முன்வைத்தால், பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டியவை சில உள்ளன. உள்ளே வைக்கப்போவது தட்டணு உறைவா, ஆய்வகத்தில் வளர்த்த செல்களா? செல்கள் என்றால், எங்கே வளர்க்கப்பட்டவை, எந்த ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியோடு? பல்லின் வேர் நுனி எவ்வளவு திறந்திருக்கிறது? கிருமி முற்றிலும் நீங்கியதை எப்படி உறுதி செய்யப்போகிறீர்கள்? சிகிச்சை பலிக்காவிட்டால் அடுத்த வழி என்ன? கடைசிக் கேள்விக்கு என் பதில் எப்போதும் தயாராக இருக்கும்: எம்.டி.ஏ. கொண்டு நுனியை அடைக்கும் வழி பெரும்பாலும் அப்போதும் திறந்தே இருக்கிறது, ஆகவே முயல்வதால் பல்லுக்குப் பெரிய இழப்பில்லை. ஆனால் 6, 12, 24 மாதங்களில் தவறாமல் குழந்தையை அழைத்து வந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வர வேண்டும். வலியில்லை என்பதால் வராமல் இருந்துவிட்டால், நுனியில் கிருமி மீண்டும் குடியேறியிருந்தாலும் எலும்பு கரையும் வரை யாருக்கும் தெரியாது.